சர்க்கரை நோய் மருந்துகள்: எது, எப்போது, எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கு மாத்திரையின் நிறம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவர்களுக்கும் அது உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது என்று தெரிவதில்லை. ஒவ்வொரு மருந்தும் ஒரு குறிப்பிட்ட நேரத்துச் சர்க்கரையைத்தான் பிடிக்கும். காலை வெறும் வயிற்றில் ஏறும் சர்க்கரைக்கு ஒன்று, சாப்பிட்ட பின் ஏறுவதற்கு வேறொன்று. இந்தப் பொருத்தம் தெரிந்துவிட்டால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்.

கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுபவை; உங்கள் அளவு உங்கள் மருந்துச்சீட்டில் இருப்பதுதான். ரத்தச் சர்க்கரை எண்கள் எல்லாம் 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. உங்கள் ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் இருந்தால் 18 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டைப் 1, டைப் 2 இரண்டுக்கும் ஒரே மருந்துதானா?

இல்லை. டைப் 1 வகையில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுகிறது. சுரப்பே இல்லாத இடத்தில் சுரப்பைத் தூண்டும் மாத்திரைக்கு வேலை கிடையாது. இன்சுலின்தான் மருந்து, ஒரு நாள்கூட அதை முழுதாக நிறுத்தக் கூடாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான் வைத்தியமாக இருந்தது.

டைப் 2 வேறு கதை. இன்சுலின் சுரக்கிறது, ஆனால் கல்லீரலும் தசையும் அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. வருடம் போகப் போகச் சுரப்பும் குறைந்துகொண்டே வருகிறது. மாத்திரை வகைகள் இத்தனை இருப்பது இதனால்தான்: ஒவ்வொன்றும் இந்தக் கோளாறின் ஒரு முனையைப் பிடிக்கிறது.

இடையில் ஒரு கூட்டம் உண்டு. நடுத்தர வயது, ஒல்லியான உடம்பு, டைப் 2 என்று மாத்திரை தொடங்கியிருப்பார்கள்; சில மாதங்களிலேயே மாத்திரை எடுபடாமல் போகும், எடையும் இறங்கும். இது மெதுவாக வரும் டைப் 1 ஆக இருக்கலாம். ஜிஏடி எதிர்பொருள், சி-பெப்டைடு ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். மாத்திரை மேல் மாத்திரை சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் கீட்டோ அமில நிலையில் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும் ஆபத்தான நிலை) மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இவர்கள்தான்.

வெறும் வயிறு, சாப்பிட்ட பின், எச்பிஏ1சி: எதை நம்புவது?

மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. இரவு முழுக்க நாம் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே வெறும் வயிற்று எண் என்பது பெரும்பாலும் கல்லீரலின் கணக்கு. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் எண், தட்டில் இருந்ததையும் அதைச் சமாளிக்கக் கணையம் உடனே எவ்வளவு இன்சுலின் விட்டது என்பதையும் காட்டும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது கடந்த 2, 3 மாதங்களின் சராசரி. அது 7% என்றால் சராசரி சர்க்கரை ஏறக்குறைய 154. 8% என்றால் 183. 9% என்றால் 212.

பெரும்பாலானவர்களுக்கு இலக்கு: எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே, வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள். வயதானவர்கள், வேறு பெரிய நோய் உள்ளவர்கள், அடிக்கடி சர்க்கரை இறங்கிப்போகிறவர்கள் ஆகியோருக்கு 8 சதவீதமே போதும். குறைக்கக் குறைக்க நல்லது என்பது தவறு. அமெரிக்காவில் நடந்த அக்கார்டு ஆய்வில் 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு அதிகமானதால் 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள்.

எச்பிஏ1சியும் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அண்மையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டும். வீட்டு மீட்டரில் தினமும் 200 வருகிறது, எச்பிஏ1சி மட்டும் 6.4 என்றால் ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் முதலில் மெட்ஃபார்மின் கொடுப்பது ஏன்?

அது கல்லீரலைப் பிடிக்கும் மருந்து. இரவில் கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. ஆகவே காலை வெறும் வயிற்று எண் இறங்கும். தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அரிது, எடையும் ஏறாது, நீண்ட கால அனுபவம் உள்ள மருந்து. எச்பிஏ1சியை ஏறக்குறைய 1 முதல் 1.5 சதவீதம் குறைக்கும்.

அது வயிற்றைப் புரட்டுகிறது, பேதியாகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதற்கு முன் எப்படித் தொடங்கினீர்கள் என்று பாருங்கள். முதல் நாளே 1000 மி.கி. இரு வேளை என்று ஆரம்பித்தால் யார் வயிறும் தாங்காது. இரவுச் சாப்பாட்டோடு 500 மி.கி. மட்டும் ஒரு வாரம்; பிறகு காலையிலும் 500; பிறகு வாரத்துக்கு 500 வீதம் கூட்டி நாளுக்கு 2000 வரை. சாப்பாட்டுக்கு முன்போ வெறும் வயிற்றிலோ வேண்டாம், சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்த உடனோ விழுங்குங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அந்த வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதன் கூடு சில நேரம் மலத்தில் முழு மாத்திரை போலவே வெளியே வரும். மருந்து உடம்பில் சேர்ந்திருக்கும், பயப்பட வேண்டாம்.

பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். காலில் எரிச்சல், மதமதப்பு என்றால் எல்லாப் பழியையும் சர்க்கரை நரம்புக் கோளாறு மேல் போடாமல் பி12 அளவையும் பார்க்க வேண்டும். இது குறைந்த செலவில் சரியாகக்கூடிய கோளாறு.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் மருந்து வெளியேறாமல் உடம்பில் தேங்கும். அதனால் அப்போது குறைக்கிறோம். காரணத்தையும் விளைவையும் மாற்றிச் சொல்வதால் வந்த வதந்தி இது. பார்க்க வேண்டியது வெறும் கிரியாட்டினின் எண் மட்டுமல்ல, அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் அளவு). 45க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்குவார்கள். 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். கிட்னி பலவீனமானவர்கள் சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கும்போது மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது வழக்கம்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு சாப்பிட்டால் ஏன் படபடக்கிறது?

இவை கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இவற்றுக்குத் தெரியாது. மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும். ஆகவே கிளிமிபிரைடைக் காலை உணவோடு சேர்த்துத்தான் போட வேண்டும். ஒரு வேளை சாப்பாடு இல்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை.

வேகமாக வேலை செய்வது இதன் பலம். வயதானவர்களுக்கும் கிட்னி பலவீனமானவர்களுக்கும் பழைய கிளிபென்கிளமைடு வேண்டாம்; அது உடம்பில் நீண்ட நேரம் தங்கி, ஒரு முறை சரிசெய்த பிறகும் மறுபடி மறுபடி சர்க்கரையை இறக்கும். கிளிமிபிரைடு 4 மி.கி.க்கு மேல் ஏற்றுவதில் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். 1, 2, 4 என்று ஏறிக்கொண்டே போய் எண் அசையவில்லை என்றால் விரட்டுவதற்குக் கணையத்தில் மிச்சம் இல்லை என்று பொருள். வேறு வழி பார்க்க வேண்டிய நேரம் அது.

கிளிப்டின் என்று முடியும் மாத்திரைகள்?

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், டெனெலிகிளிப்டின். சாப்பிட்ட பின் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைச் சிதையாமல் காக்கின்றன. அது சர்க்கரை ஏறும்போது மட்டும் கணையத்தைத் தட்டி எழுப்பும். அதனால் படபடப்பு இல்லை, எடை ஏறுவதும் இல்லை. ஆனால் வலிமை சுமார்தான்: எச்பிஏ1சி அரை முதல் முக்கால் சதவீதம் குறையும். கிட்னி எவ்வளவு கெட்டிருந்தாலும் லினாகிளிப்டின் 5 மி.கி. அளவை மாற்ற வேண்டியதில்லை. சிட்டாகிளிப்டினைக் குறைக்க வேண்டும். செமாகுளூட்டைடு போன்ற வார ஊசி (கீழே வருகிறது) போடுகிறவர்களுக்கு இந்த மாத்திரையும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் ஒன்று வீண். இரண்டும் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன.

சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை நல்லதா?

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சர்க்கரை வைத்தியத்தை மாற்றியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்போதுதான் சாதாரணமாகச் சிறுநீரில் சர்க்கரை வழியும். இந்த மாத்திரை அந்த வரம்பைத் தாழ்த்திவிடுகிறது. 2015இல் வெளிவந்த எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு, இதய நோய் உள்ளவர்களில் இதய மரணத்தையும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதையும் இது குறைப்பதைக் காட்டியது. கிட்னிக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே இதயமோ கிட்னியோ பாதிக்கப்பட்டவருக்கு எச்பிஏ1சி எவ்வளவு என்று பார்க்காமலே இதைச் சேர்க்கலாம்.

தொடங்கியதும் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை 'நான்கு பிளஸ்' என்று வரும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், நோய் முற்றியதன் அடையாளம் இல்லை.

தொல்லைகள்: பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு அதிகம் வரும், முக்கியமாகப் பெண்களுக்கு. சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டால் பெரும்பகுதி தவிர்க்கலாம். நீர் இழப்பால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியும் வாந்தியுமாகக் கிடக்கும்போது தொடர்ந்து சாப்பிட்டால் கீட்டோ அமில நிலை வரலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதுவாகக் காட்டும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல் என்றால் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் கீட்டோனைப் பாருங்கள்.

பயோகிளிட்டசோன், அகார்போஸ்?

பயோகிளிட்டசோன் தசையையும் கொழுப்பையும் இன்சுலினுக்குப் பணிய வைக்கும். முழு விளைவு தெரிய 2, 3 மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கால் வீங்கும், எடை ஏறும்; இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது.

அகார்போஸ், வோக்ளிபோஸ் இரண்டும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும். முதல் கவளத்தோடு போட வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பயனில்லை. வாயு பிரியும், வயிறு உப்பும். இதைச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினால் சாதாரணச் சர்க்கரை கொடுத்தால் சீக்கிரம் ஏறாது. குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை போடும் ஊசி இன்சுலினா?

பொதுவாகச் சொல்லப்படும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு இரண்டும் இன்சுலின் இல்லை. குடல் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதமாக்கி, சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினைக் கூட்டுகின்றன. எச்பிஏ1சியும் இறங்கும், எடையும் இறங்கும்.

செமாகுளூட்டைடு 0.25 மி.கி. நான்கு வாரம், அது உடம்பு பழகுவதற்கான அளவு, அதில் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்த வேண்டாம். பிறகு 0.5, தேவைப்பட்டால் 1, 2. டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2.5 வீதம் கூட்டலாம். குமட்டல் பெரும்பாலும் அளவை ஏற்றிய வாரத்தில் வரும். கொஞ்சமாகச் சாப்பிடுவது, எண்ணெய்ப் பண்டத்தைத் தவிர்ப்பது, வயிறு நிறைந்ததும் கையைக் கழுவிவிடுவது, இவை குமட்டல் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும்.

செமாகுளூட்டைடு மாத்திரையாகவும் உண்டு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை கிளாஸுக்கு மேற்படாத தண்ணீரில் (120 மி.லி. வரை) விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், வேறு மாத்திரையும் போடாமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று சொல்வதில் பயனில்லை.

குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இவை கூடாது. கணைய அழற்சி வந்தவர்களும், கண் விழித்திரை பாதிப்பு முற்றியவர்களும் முதலில் சொல்லிவிட வேண்டும்; சர்க்கரை சட்டென்று இறங்கும்போது கண் பாதிப்பு தற்காலிகமாகக் கூடுவதுண்டு.

இன்சுலின் தொடங்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

டைப் 1 என்றால் ஆம். டைப் 2 என்றால் கட்டாயம் இல்லை. அறுவை சிகிச்சை, கடும் தொற்று, கர்ப்பம், ஸ்டீராய்டு சிகிச்சை போன்ற காலத்தில் போட்டுவிட்டுப் பிறகு நிறுத்துவது சாதாரணம். கண்டுபிடிக்கும்போதே 300க்கு மேல், எடை இறங்குகிறது, தாகம் தாங்கவில்லை என்றால் முதலில் இன்சுலின் கொடுத்து, கணையம் மூச்சு வாங்கிய பிறகு மாத்திரைக்கு மாற்றுவதும் உண்டு. ஊசி என்றதும் 'கடைசிக் கட்டம்' என்று நினைத்து இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறவர்களுக்குக் கண்ணும் கிட்னியும் அந்த இரண்டு வருடத்தில்தான் கெடுகின்றன.

எத்தனை யூனிட்டில் தொடங்குவார்கள்? எப்படி ஏற்றுவது?

டைப் 2க்குப் பெரும்பாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் (கிளார்ஜின், டிகிளூடெக், என்பிஎச்) ஒரு வேளை, 10 யூனிட். எடைக் கணக்கில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, 130க்கு மேல் இருந்தால் 3 நாளுக்கு ஒரு முறை 2 யூனிட் ஏற்றலாம். காரணம் தெரியாமல் 70க்குக் கீழே இறங்கினால் 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும். மருத்துவரோடு பேசி வைத்துக்கொண்ட பிறகு வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது.

இந்த ஏற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டியும் (70 கிலோ எடைக்கு 35 யூனிட்) பகல் சர்க்கரை இறங்கவில்லை என்றால் சிக்கல் இரவில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது. இன்னும் ஏற்றினால் விடியற்காலையில் இறங்கிப்போகும், மதியம் அதே 280 தான் இருக்கும். அங்கே சாப்பாட்டு நேர இன்சுலினோ வார ஊசியோதான் தேவை. அஸ்பார்ட், லிஸ்ப்ரோ வகைகளைச் சாப்பாட்டுக்கு முந்தைய 15 நிமிடத்துக்குள் போடலாம். பழைய ரெகுலர் இன்சுலினை அரை மணி நேரம் முன்பு. 30/70 கலவை (வேகமான இன்சுலின் 30 பங்கு, மெதுவானது 70 பங்கு) போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நேரம் தவறினால் அது காத்திருக்காது.

சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இருக்கிறதே?

இதைக் கவனிக்காமல் உயிர் போன இடமெல்லாம் உண்டு. இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்தியில் வருகிறது: 1 மி.லி.யில் 40 யூனிட், 1 மி.லி.யில் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு. சிரிஞ்சின் மேலும் எண் அச்சிட்டிருக்கும்.

உங்களுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 40 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மி.லி., சரியாக 20 யூனிட். அதே குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது. தலைகீழாக, 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மி.லி., 50 யூனிட்! மயக்கம் நிச்சயம். குப்பி மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. என்ன தவறு?

முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி ரப்பர் போலக் கட்டி விழுந்திருக்கும். அங்கே வலிக்காது என்பதால் எல்லாரும் அங்கேயேதான் குத்துவார்கள். அந்த இடத்திலிருந்து இன்சுலின் ஒழுங்காக ஏறாது. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. கட்டியை விட்டு விலகி, ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். திடீரென நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு கூடுதலாக வேலை செய்யும். மாறும் வாரத்தில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அடிக்கடி மீட்டரில் பாருங்கள்.

அடுத்து இன்சுலின் பென் (பேனா வடிவ ஊசி). ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தி, துளி வருகிறதா என்று பார்த்த பிறகே உங்கள் அளவை வைக்க வேண்டும். 4 மி.மீ. ஊசி என்றால் நேராகக் குத்தினால் போதும், பெரும்பாலானவர்களுக்குத் தோலை மடிக்க வேண்டாம். பட்டனை முழுதாக அழுத்தி, 10 எண்ணிய பிறகு எடுங்கள். உடனே எடுத்தால் தோலில் ஒரு துளி நிற்கும். அது உங்கள் உடம்புக்குள் போயிருக்க வேண்டியது. பயன்படுத்திய ஊசியைப் பென்னிலேயே விட்டு வைத்தால் காற்று புகும், மருந்து கசியும்.

பால் போன்ற கலங்கல் இன்சுலினை (என்பிஎச், 30/70) உள்ளங்கையில் 10 முறை உருட்டி, 10 முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது. திறக்காத குப்பி குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள், உறையும் தட்டுக்கு அருகில் வேண்டாம். ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத இடத்தில் வெளியே வைக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள் கெடு. திறந்த தேதியைக் குப்பி மேல் எழுதிவிடுங்கள்.

இரவு நல்ல எண், காலையில் 180. இரவில் ஒன்றும் சாப்பிடவில்லையே?

விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் எழுந்து கல்லீரலை உசுப்பிவிடும். இது மிகவும் பரவலான காரணம். இன்னொன்று, இரவு ஊசியின் வேகம் விடியும்முன் தீர்ந்துபோவது. நடுராத்திரி சர்க்கரை இறங்கி அதன் எதிர்வினையாகக் காலையில் ஏறுவதும் சொல்லப்படுகிறது, ஆனால் நினைப்பதைவிட அரிது. இரண்டு மூன்று இரவு 3 மணிக்கு எழுந்து ஒரு முறை மீட்டரில் பாருங்கள். 3 மணிக்கு 70க்குக் கீழே என்றால் இரவு மருந்தைக் குறைக்க வேண்டும். 150, 170 என்றால் கூட்ட வேண்டும். பார்க்காமல் கூட்டுவதுதான் ஆபத்து.

சர்க்கரை திடீரென இறங்கினால்?

70க்குக் கீழே என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை: குளுக்கோஸ் பொடி 3 தேக்கரண்டி, அல்லது சர்க்கரை 1 மேசைக்கரண்டி, அல்லது பழச்சாறு அரை கிளாஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் சரிப்படாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 54க்குக் கீழே என்றால் அது அபாய எல்லை. ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வேளை மருந்தைப் பழையபடி போடாதீர்கள்.

நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குளுக்ககான் (ரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்) 1 மி.கி. ஊசி இருந்தால் போடலாம். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். கிளிமிபிரைடு வகையால் இறங்கியது என்றால், ஒரு முறை ஏறிய பிறகும் 24 முதல் 48 மணி நேரம்வரை மறுபடி இறங்கலாம். வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைப்பது அதனால்தான்.

காய்ச்சல், வாந்தி வந்த நாளில் மருந்தை என்ன செய்வது?

சாப்பிடவில்லை என்பதால் இன்சுலினையும் நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. நோய் நாளில் உடம்பின் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றும். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு இன்சுலினைச் சாப்பிடும் அளவுக்கு ஏற்பக் குறைக்கலாம். மெட்ஃபார்மினையும் சிறுநீரில் சர்க்கரை போக்கும் மாத்திரையையும் வாந்தி, பேதி நின்று நன்றாகச் சாப்பிடும் வரை நிறுத்தி வையுங்கள். கிளிமிபிரைடும் சாப்பாடு இறங்காவிட்டால் வேண்டாம். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பாருங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். குடித்தது எதுவும் தங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, கீட்டோன் தெரிகிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது.

மருந்தே இல்லாமல் கட்டுப்படுத்த முடியுமா?

சிலரால் முடியும். 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு (டைரெக்ட்) ஒன்றில், நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்குச் சில மாதம் நாளுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதுதான் சூட்சுமம். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனை வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் தானாகப் பட்டினி தொடங்கக் கூடாது, முதல் நாளிலேயே மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மூலிகைப் பொடி பற்றி: பெயர் இல்லாத பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பொடி சாப்பிட்ட இரண்டே நாளில் சர்க்கரை கணிசமாக இறங்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

எண் சரியாக இருந்தால் போதும்தானே?

சர்க்கரை நோயாளிகளில் அதிகம் பேரைக் கொல்வது மாரடைப்பும் பக்கவாதமும். ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), புகையிலையை விடுதல்: மூன்றும் சர்க்கரை மாத்திரைக்குச் சமமான மருந்துகள். வருடம் ஒருமுறை கண் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின், பாத உணர்ச்சிப் பரிசோதனை. பாதத்தை மட்டும் தினமும் இரவு நீங்களே பாருங்கள், அடிப்பாகம் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்து.

ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால்?

இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒருபோதும் போடாதீர்கள். மெட்ஃபார்மின், கிளிப்டின்: நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். கிளிமிபிரைடு: சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டால் அந்த வேளை போனது போனதுதான், படுக்கப் போகும்போது போட்டால் நடுராத்திரியில் இறங்கும். செமாகுளூட்டைடு வார ஊசி: 5 நாளுக்குள் நினைவு வந்தால் போடுங்கள், தாண்டினால் அடுத்த வாரம்; டிர்செபடைடுக்கு 4 நாள். இன்சுலின் போட்டோமா இல்லையா என்றே சந்தேகம் என்றால் மறுபடி போடாதீர்கள்: இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மீட்டரில் பாருங்கள். போடாமல் விட்ட ஒரு வேளையால் சர்க்கரை ஏறும், அதைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். இரு முறை போட்டது தூக்கத்தில் வெளிப்பட்டால் திருத்த யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.